சனிக்கிழமைக் குழம்பு

சனிக்கிழமையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மே மாதம் எங்கள் ஒரகடம் பிளான்ட்டில் ஒரு வாரம் ஷட்டவுன். மெஷின்களைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். லைனில் நிற்கிறவர்களுக்கு வேலை இருக்காது. என் ரூம்மேட்டுடைய சித்தப்பா தன் காரை எங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது அந்த வாரத்தின் சனிக்கிழமைக்கு மட்டும். அது தானாக அமைந்தது. மற்றதெல்லாம் என் வேலை. ஒரு வருஷம் யோசித்துச் செய்த வேலை.

யாருக்காக யோசித்தேன் என்றால், எங்கள் லைன் லீடருக்காக. நாற்பத்தைந்து தாண்டியவர். வல்லம் வடகாலில் சொந்த வீடு. லைனில் எல்லாருக்கும் அவர் அண்ணன். நான் குவாலிட்டி. அவர் லைன் தள்ளிவிடுகிற பீஸை நிறுத்தி அளந்து பார்ப்பது என் பிழைப்பு. அதனால் எங்களுக்குள் உரசல் சகஜம். உரசலுக்காக யாரும் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டார்கள். நான் காத்திருந்தது ஒரு பாயசத்துக்காக.

நான் பால் குடிப்பதில்லை. தயிர், மோர், நெய், பால்கோவா எதுவும் கிடையாது. கறியும் முட்டையும் சின்ன வயதிலேயே போய்விட்டன. பால் போனது டிரெய்னியாகச் சேர்ந்த வருஷம். அப்போது ரூம் வல்லம் ரோட்டில். காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு மாட்டுக் கொட்டகை. ஒருநாள் அங்கே ஒருவர் கன்றுக்குட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு லேசாகத் தூக்குகிறாரே என்று பார்த்தால், அது செத்த கன்றின் தோல். உள்ளே வைக்கோல். அதைப் பசுவின் முகத்துக்கு முன்னால் நிறுத்தினார். பசு நக்கியது. அவர் பின்னால் போய்க் கறந்தார். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். கேன்டீனில் டீயைக் கையில் வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அதோடு சரி. பிறகுதான் இதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பதும், உலகத்தில் என்னைப் போல நிறையப் பேர் இருப்பதும் தெரிந்து, இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து, லைனில் ஒருத்தர் விடாமல் பிரசங்கம் செய்து, கொஞ்சம் தொல்லையாகவே ஆனேன். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஷட்டவுனுக்கு முந்தின வருஷக் கோடையில் லைனே சேர்ந்து மலைக்கு ஒரு டூர் போனோம். வேன் வைத்து, கூடவே ஒரு சமையல்காரரையும் அவருடைய அடுப்பு, அண்டாவையும் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி வழியில் மரத்தடியில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட வேண்டியது. அன்றைக்கு மதியம் லீடர் ஒரு கப்பில் பாயசம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தேங்காய்ப்பால் பாயசம், உனக்குன்னே தனியா செய்யச் சொன்னேன் என்றார். நான் சமையல்காரரைப் பார்த்தேன். ஆமாம் தம்பி, தேங்காய்ப்பால்தான் என்றார் அவர். இரண்டு வருஷமாக ஊர் ஊராகக் கேலி கேட்டுக்கொண்டு வெறும் சோறும் ரசமும் தின்றவன் நான். எனக்காக ஒருவர் தனியாக ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறார் என்றதும் கப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினேன். மூன்று கப் குடித்தேன். லீடரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக இவ்வளவு யோசிச்சீங்களேண்ணே என்றேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

எல்லாவற்றையும் ஒருவன் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அது லைன் குரூப்பில் வந்தது. பாயசம் பசும்பால் பாயசம். வீடியோவுக்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் ஒரு முழம்.

பால் குடித்ததைக்கூட விட்டுவிடுவேன். கையைப் பிடித்தேனே, அதை என்னால் விட முடியவில்லை. அன்றிலிருந்து என் பெயர் மூணு கப்பு. லைனில் மூணு கப்பு, கேட்டில் செக்யூரிட்டி வாயில் மூணு கப்பு, கம்பெனி பஸ் டிரைவருக்கும் மூணு கப்பு. நான் கொடுத்த ஒரு யோசனைக்குப் பரிசு கொடுத்து எல்லார் முன்னாலும் மேடைக்கு அழைத்தார்கள். பின்வரிசையிலிருந்து மூணு கப்பு என்று ஒரே சத்தம். மேனேஜர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். நான் ஒரு பீஸை ரிஜெக்ட் என்று தள்ளினால், தேங்காய்ப்பால்லதான் செஞ்சது, விட்டுடு என்பார்கள். என் வேலையே எதையும் நம்பாமல் சந்தேகப்படுவது. அதில் என்னை யாரும் நம்பாத அளவுக்குச் செய்துவிட்டார் மனிதர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே குரூப்பில், அதே ஆட்கள் முன்னால், நான் ஏமாற்றினேன் என்று அவர் கையால் எழுத வேண்டும். அந்தப் பெயர் சாக வேண்டும்.

திட்டம் இது. லீடர் ஓயாமல் சொல்வார், தன் நாக்கை யாராலும் ஏமாற்ற முடியாது, பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் சொல்லிவிடுவேன் என்று. ஆகவே ஒரு நாள் முழுக்க அவருக்குப் பாலும் நெய்யும் இல்லாத சாப்பாட்டை ஊட்ட வேண்டும். ஆகா ஆகா என்று அவர் சாப்பிடுவதையெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில் உடைக்க வேண்டும். அவர் முகம் தொங்கும். நாக்கைப் பற்றிய பெருமை போகும். குரூப்பில் போடுவேன் என்று மிரட்டிப் போன வருஷம் நடந்ததை எழுத வைப்பேன். ரூம்மேட் தூத்துக்குடிக்காரன், எங்கள் லைனிலேயே மெஷின் ஆபரேட்டர். அவனிடம் மட்டும் சொன்னேன். உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுல என்றான், ஆனால் வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டான்.

லீடரைக் கூப்பிடுவது சுலபமாக இருந்தது. கோபமெல்லாம் போச்சுண்ணே, எங்க செலவில் ஒருநாள் சுத்தலாம், நீங்க பார்க்காத இடமா காட்டுறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி நினைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் ரூம் இருக்கிற சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து விடிந்ததும் கிளம்பி, ஒரகடம் தாண்டி, வல்லம் வடகாலில் அவரை ஏற்றிக்கொண்டோம். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துண்டு. ஏறினதும் சொன்னார்.

"தம்பி, இன்னிக்கி சனிக்கெழம. கவுச்சி கெடையாது. தெரியுமில்ல?"

தெரியும். சனிக்கிழமை அவர் கேன்டீனில் முட்டை வரிசைப் பக்கம்கூட நிற்க மாட்டார். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான், பெருமாள் நாள். என்கூட வருகிற அன்றைக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றேன். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் போட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டியா கீதுடா, எந்தக் கடைப் பால் என்று கேட்டார். ரூம்மேட் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் செல்போனை மடியில் சாய்த்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழியை ஒரு பக்கம் வைத்தாலும் அந்த இடங்களுக்காக நான் உண்மையிலேயே அலைந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து பைக்கில் சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்தவை. முதலாவது வல்லம் வடகாலிலேயே, எஸ்டேட் சுவரை ஒட்டி ஒரு ஓய்வுபெற்ற வாட்ச்மேனின் தோட்டம். தொட்டியே கிடையாது. கம்பெனிகள் தூக்கிப் போட்ட சேஃப்டி ஷூக்களில் மண் நிரப்பி மிளகாய், துளசி, செண்டுமல்லி வைத்திருக்கிறார். முன்பக்கம் இரும்பு இருப்பதால் சாயாமல் நிற்கின்றன. ஜோடி ஜோடியாக, அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி. லீடர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், ஒன்றைக் காட்டி, இது என் சைஸு என்றார். அவருடைய ஊர் இது, பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறார், இதைப் பார்த்ததே இல்லை. தினமும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறார்.

அங்கேயே காலைச் சாப்பாடு. நான் கட்டி வந்த இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, வேர்க்கடலைச் சட்னி. ஒன்பது இட்லி சாப்பிட்டார். நெய் வாசனை தூக்குதுடா என்றார். நெய்யே இல்லை. வீடியோவில் இருக்கிறது.

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு சலூன். ஓடி முடித்த கம்பெனி பஸ் ஒன்றை வாங்கி, டயரைக் கழற்றிவிட்டு, உள்ளே நாற்காலியும் கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள். முன்னால் செகண்ட் ஷிப்ட் என்கிற போர்டு இன்னும் தொங்குகிறது. காத்திருப்பவர்கள் பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். லீடர் ஷேவிங் செய்துகொண்டார். பழக்கதோஷத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பாலாற்றுப் பாலத்தடியில் நுங்கு. அங்கே ரூம்மேட்டும் அவரும் போட்டி போட்டார்கள். எங்க ஊர்ல இதெல்லாம் மாட்டுக்குப் போடுவோம்ணே என்று அவன் பீற்றிக்கொள்ள, அப்ப உனக்குப் போட்டது கரெக்ட்டுதான் என்று இவர் சொல்ல, நான்கூட வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மதியத்துக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு அம்மா வீட்டு மெஸ். முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருவார். அவர் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். அதனால் பலாமூசு, அதாவது சுளை வைக்காத பிஞ்சுப் பலாவைச் சமைக்கத் தெரியும். எங்கள் பக்கத்தில் இது பல பேருக்குத் தெரியாது. சீசன் முடிகிற நேரம். மார்க்கெட்டில் அலைந்து ஒன்று வாங்கி, முந்தின நாளே ரூம்மேட்டும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைத் துண்டு போட்டு வேகவைத்து, மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தால் நார் நாராக, மெத்தென்று, கறி என்றே சத்தியம் பண்ணலாம்.

இலையில் விழுந்ததும் லீடர் கையை எடுத்தார். இன்னாம்மா இது என்றார். காய்தான், சாப்புடுங்க என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்தார். காய்தாண்ணே, சனிக்கிழமைன்னு எனக்குத் தெரியாதா என்றேன். அந்த நிமிஷத்தில் அது முழு உண்மை. அவர் சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கினார். கடைசியில் நாங்கள் மூன்று பேருமாகப் பாத்திரத்தையே வழித்துவிட்டோம். வேர்க்கடலைத் தயிரில் மோர் சாதம். தேங்காய்ப்பால் பாயசம், நிஜமான தேங்காய்ப்பால். அதற்கு நான் அவர் முகத்தை மிக அருகில் வீடியோ எடுத்தேன்.

திரும்பும் வழியில் கல் குவாரி லாரிகளுக்கான எடைமேடை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர் எனக்குப் பழக்கம். லாரி வராத நேரத்தில் நம் காரை ஏற்றி எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பார். அதுதான் என் கடைசி நிறுத்தம். மூன்று பேரோடு ஒரு எடை, லீடர் இறங்கினதும் ஒரு எடை. இரண்டையும் கழித்துவிட்டு, இதுல மதிய சாப்பாடு மட்டும் அஞ்சு கிலோ என்று லீடரே சொல்லிச் சிரித்தார். ஷீட் போட்ட நிழலில் நின்றோம். வெயிலில் கண் கூசியது. நான் செல்போனை எடுத்து, ஒவ்வொரு வீடியோவாகக் காட்டினேன். இது முந்திரிப்பால். இது நெய்யே இல்லாத பொடி. இது கடலைத் தயிர். காலையிலிருந்து உங்க வாயில ஒரு சொட்டுப் பால் படலண்ணே, உங்க நாக்கு கண்டுபிடிக்கல.

அவர் பார்த்தார். முகம் தொங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், நல்லாத்தானடா இருந்துச்சு. அதுக்கின்னா இப்போ? இதுக்கா ஒரு வருசம் வேல பாத்த, மூணு கப்பு?"

குரூப்பில் போடுவேன் என்றேன். போடு, நானே போட்றேன், குடு என்று போனைக் கேட்டார். ரூம்மேட்டும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவருக்கு நல்ல சாப்பாடு போட்டிருக்கிறேன். அவர் என்னிடமிருந்து எடுத்ததை நான் அவரிடமிருந்து எடுக்கவே இல்லை. ஒரு வருஷத்தை இப்படி வீணாக்கியிருக்கிறேன்.

அவராகத்தான் எனக்கு வழியைத் திறந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், அப்ப மதியம் ஒரு கொழம்பு ஊத்தினாங்களே, அது இன்னாது, அதையும் சொல்லிடு என்று.

"அது மட்டும் வேறண்ணே."

"வேறன்னா?"

"கறி. ஆட்டுக்கறி."

என் வாயிலிருந்து அது வந்த வேகம் எனக்கே தெரியவில்லை. ரூம்மேட்டின் சிரிப்பு நின்றது. லீடர் என்னைப் பார்த்தபடியே நின்றார். கேலி என்று நினைத்தால் சிரித்திருப்பார். நான் முகத்தை மாற்றவில்லை. ஒரு லாட் சரக்கையே ரிஜெக்ட் என்று சொல்லும்போது நான் வைத்துக்கொள்கிற முகம் அது, அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

எடைமேடைக்குப் பின்னால் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தார். தண்ணீர் கேனை எடுத்து வாயைக் கழுவினார், திரும்பக் கழுவினார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். பாப்பா எங்கே என்று கேட்டார். ஸ்கூட்டியில் ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறாள் என்று அங்கிருந்து பதில் வந்திருக்க வேண்டும். மகளுக்கே அடித்தார். வண்டிய ஓரங்கட்டு, எங்க கீறியோ அங்கயே நில்லு, நான் சொல்றவரைக்கும் ஏறாத என்றார். ஏன் என்று அவள் கேட்டது வெளியே கேட்டது. அவர் காரணம் சொல்லவில்லை.

காரில் ஏறினோம். ரூம்மேட் வண்டியை எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து லீடர் சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

"நாலு வயசுல அதுக்கு வலிப்பு வந்துச்சுப்பா. கை காலெல்லாம் இழுத்துகிச்சு. அன்னிக்கி வேண்டிகினேன். பதினாலு வருசமா சனிக்கெழம வாய்ல பட்டதில்ல. அதுக்கப்பறம் ஒரு தபாகூட வரல அதுக்கு."

இது எனக்குத் தெரியாது. பெருமாள் நாள் என்று மட்டும்தான் தெரியும். ரூம்மேட் என் தொடையில் கையை வைத்து அழுத்தினான். சொல்லிருல என்று உதடு மட்டும் அசைந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, பலாக்காய் என்று. நான் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, போன வருஷம் என்ன செஞ்சீங்களோ அதை அப்படியே குரூப்பில் எழுதுங்க, சமையல்காரரைப் பொய் சொல்ல வெச்சது வரைக்கும், எழுதினதும் நான் உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் என்றேன்.

அவர் வாதாடவில்லை. எப்போதும் குரலில் பேசி அனுப்புகிறவர். எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். அத்தனை நேரமும் அந்தப் பெண் எங்கேயோ ரோட்டோரம் வெயிலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை அவள் போன் வந்தது. கட் செய்துவிட்டு மறுபடி எழுத்தைத் தேடினார். என் போனில் வந்து விழுந்தது. போன வருடம் டூரில் தம்பிக்குக் கொடுத்தது பசும்பால் பாயசம், தேங்காய்ப்பால் என்று சமையல்காரரைச் சொல்லச் சொன்னது நான்தான், தம்பி நம்பிக் குடித்தான், தப்பு என்னுடையது, இனிமேல் யாரும் அவனை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம்.

நான் அதை மூன்று தடவை படித்தேன். யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகுதான் சொன்னேன்.

"அது கறி இல்லண்ணே. பலாக்காய். பலாமூசு."

அவர் தலையை ஆட்டினார். சரி என்கிற ஆட்டல் இல்லை. அவருக்குப் பரிதாபமாக இருந்திருக்கிறது, என்மேல். எழுதிட்டேன்ல, இப்ப ஆறுதலுக்குச் சொல்ற, பரவால்ல தம்பி என்றார். நான் விளக்கினேன். பலா எங்கே வாங்கினேன், என்ன மசாலா, எல்லாம். ரூம்மேட்டும் சத்தியம் பண்ணினான், பலாக்காதாம்ணே, நான்தான் தூக்கிட்டுப் போனேன் என்று. நீ அவன் ரூம்மேட்டு என்றார். எனக்குள் ஒரு பதற்றம் ஏறியது. காட்ட என்னிடம் எதுவுமில்லை. எந்த லாட்டாக இருந்தாலும் ஒரு பீஸை எடுத்து வை என்பதுதான் குவாலிட்டியில் முதல் பாடம். எங்கள் கேன்டீனில்கூட ஒவ்வொரு வேளையும் ஒரு டப்பா எடுத்து வைப்பார்கள். நான் முந்திரிப்பாலில் மிச்சம் வைத்திருந்தேன், கடலைத் தயிரில் மிச்சம் வைத்திருந்தேன். குழம்பை மட்டும் நானும் சேர்ந்து வழித்துத் தின்றிருக்கிறேன்.

வண்டியைத் திருப்பி மெஸ்ஸுக்கே போனோம். அந்த அம்மா படுத்திருந்தவர் எழுந்து வந்தார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. தோல் எங்கே என்று கேட்டேன். மாட்டுக்குப் போட்டுட்டேன் தம்பி என்றார். மாடு தொட்டியில் முகத்தை விட்டுக்கொண்டு நின்றது. நான் போய்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். புண்ணாக்குத் தண்ணீர்தான். கத்தியில் பிசின் ஒட்டியிருக்குமே என்றேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார், வேலை தெரிந்த கை. காய்தாங்க, நான் எதுக்குப் பொய் சொல்லணும், பெருமாள் மேல சத்தியம் பண்ணட்டுமா என்று லீடரைப் பார்த்துக் கேட்டார்.

"வேணாம்மா. நான் கேட்டிருந்தா போன வருசம் அந்த சமையக்காரரும் பண்ணியிருப்பாரு."

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வந்ததும் அவர் மகளுக்குப் போன் போட்டார். வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டவுட் பீஸ எவனாச்சும் ஓகேன்னு அனுப்புவானா தம்பி? நீ அனுப்புவியா?"

வல்லம் வடகாலில் வண்டியை நிறுத்தினோம். இறங்கும்போது, எடமெல்லாம் நல்லா இருந்துச்சுப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூணு கப்பு என்கிற பெயர் இரண்டு வாரத்தில் செத்தது. கேட்டில் செக்யூரிட்டி மட்டும் கொஞ்ச நாள் விடாமல் இருந்தார். லீடரே போய் ஏதோ சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அவர் ஷட்டவுன் முடிந்து வரும்போது மொட்டை போட்டிருந்தார். இப்போது சனியோடு திங்களும் கவுச்சி கிடையாது. பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போக விடுவதில்லை, பஸ்தான். வெயிலில் நிற்க வைத்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவள் என்னைப் பார்த்ததுகூட இல்லை. அவருக்காக வருத்தமா என்று ரூம்மேட் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன். அவன் ஒரு வாரம் என்னைத் தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

லீடர் இன்னும் கேட்கிறார். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கை கழுவுகிற இடத்தில், யாரும் இல்லாதபோது பக்கத்தில் வந்து, சும்மா கேக்குறேன், அது நெசமாலுமே பலாக்காதானா என்பார். ஆமாண்ணே, பலாக்காய்தான் என்பேன். உண்மை. கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அவர் என் முகத்தையே பார்ப்பார், அதில் எதையாவது கண்டுபிடிக்கிற மாதிரி. கண்டுபிடிக்க அதில் எதுவும் இல்லை. போய்விடுவார். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வருவார். பொய் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு உண்மையை எத்தனை தடவை சொல்லிவிட்டேனோ, ஒவ்வொரு தடவையும் அது அவரைக் குத்துகிறது. நான் நிறுத்தப் போவதில்லை, அவர் கேட்பதை நிறுத்துகிற வரைக்கும்.

போன சனிக்கிழமை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினார். எலுமிச்சம்பழச் சாதம், வறுத்த வேர்க்கடலை, கறிவேப்பிலை. வூட்ல உனக்குன்னு தனியா தாளிக்கச் சொன்னேன், நெய் போடல, சத்தியமா நல்லெண்ணெதான் என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டால், நம்பிச் சாப்பிட்டுவிட்டால், அவரும் என்னை நம்பலாம். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவருக்குத் தோன்றிய ஒரே வழி அது. சாதத்தில் நல்லெண்ணெய் வாசனைதான் வந்தது. நெய்யாக இருக்க வாய்ப்பே இல்லை. எனக்குப் பசியும் இருந்தது.

மூடியை எடுத்து டிபன் பாக்ஸின்மேல் வைத்தேன். நான்கு பக்கமும் அழுத்தி மூடினேன். அவர் பக்கம் தள்ளிவிட்டு, என் தட்டில் இருந்த ரசம் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தேன்.